பின்வளவில் பதினெட்டுக் கத்தரி

மே 4, 1996, சனி
கோட்டுப் போடாமல் வேலைக்குப் போய் வந்தேன். அப்படி வெயில். வந்த கையோடு ஜன்னலடியில் வளர்த்த கத்தரிக் கன்று பதினெட்டையும் பின்வளவில் நட்டுவிட்டேன். என்ரை மனுசன் இராஜரட்ணம் வாசலில் நின்று பார்த்தார். போன வருசம் பனியில் கருகினது மறந்துபோச்சோ என்று கேட்டார். மறக்கேல்லை. இந்த முறையும் கருகினால் வளவு முழுக்கச் சீமெந்து போடுவிக்கிறாராம். புல்லு வெட்டவும் தேவையில்லை, என்ரை புலம்பல் கேட்கவும் தேவையில்லையாம்.

இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து டோர்செட் பார்க்கில் அடுக்குமாடி வீடொன்றில், பதினோராம் மாடியில் எட்டு வருசம் இருந்தேன். இந்த வீட்டை வாங்கச் சொன்னதே இந்தத் துண்டு மண்ணுக்காகத்தான். சீமெந்தாம். பாப்பம்.

மே 9
வெக்கை. காற்றாடி போட்டனாங்கள். இனிப் பனி இல்லை எண்டு நான் சொன்னனான்தானே!

மே 11, சனி
இரவைக்கு உறைபனி என்று ரீவியில் சொல்லிப்போட்டான். முந்தநாள் காற்றாடி, இண்டைக்கு உறைபனி - இந்த ஊருக்கு வெக்கமில்லையோ?

பொழுதுபட முன்னம் குசினியில் இருந்த ஏனம் எல்லாத்தையும் கொண்டுபோய்க் கன்றுகளுக்கு மேலை கவிழ்த்துவிட்டன். சோத்துப் பானை, இடியப்பச் சட்டி, பால் காய்ச்சுற சட்டி, ஆட்டிறைச்சித் தாச்சி, ஐஸ்கிறீம் வாளிகள். பதினாலுதான் தேறினது. நாலு கன்று வெறும் மேலோடை நிக்குது.

மே 12
விடிய வளவு முழுக்க வெள்ளை. வெயில் ஏறும்வரை ஒரு சட்டியும் எடுக்க விடேல்லை. தேத்தண்ணிக்குப் பால் காய்ச்ச வழியில்லாமல் இவர் கோபத்தோடை கோப்பிக் கடைக்குப் போனார்.

பதினாலும் உயிரோடை இருக்கு. மூடாத நாலும் கறுத்துப்போச்சு. இவர் திரும்பி வந்து அந்த நாலை மட்டும் எண்ணினார். எண்ணிப்போட்டுச் சீமெந்து வேலை செய்யிற பஸ்ரியனுக்குப் போன் அடிச்சார். வாற சனி வருவாராம்.

என்ன மனுசன் இது? உயிரோடை நிக்கிற பதினாலும் கண்ணுக்குத் தெரியேல்லையோ? ஆத்திரத்தில் அழுகை வந்தது. கடைக்குப் போய் நாலு கன்று வாங்கிக்கொண்டு வந்து அதே குழியில் நட்டன்.

மே 18
பஸ்ரியன் வந்தார். காலமை தொடங்கின மழையில் அவரின்ரை சப்பாத்து மண்ணுக்குள் புதைந்தது. மண் காயாமல் சீமெந்து ஊத்தேலாது என்றிட்டார். கத்தரிக்கும் இவ்வளவு தண்ணி கூடாது, வேர் அழுகும். எண்டாலும் பெய்யட்டும்.

மே 25
திரும்பவும் மழை. பஸ்ரியன் வரேல்லை. தண்ணி வடிய வரம்போரம் வாய்க்கால் வெட்டினேன். இவர் குடையோடு வந்து நின்றார்.

"அடுத்த கிழமை உந்த மண்வெட்டிக்கு வேலை இராது."

"இண்டைக்கு இருக்கு," என்றேன்.

ஜூன் 1
ஆலங்கட்டி மழை! இலை எல்லாம் ஓட்டை. தண்டு முறியேல்லை, அது போதும். பஸ்ரியனுக்கு விட்பி ஊரில் புது வீடுகளில் வேலையாம், மாதக் கடைசியில்தான் வருவார். வரட்டும். அதுவரை சாணி உரம் போடுவேன்.

ஜூன் 29, சனி
ஒரு கிழமையாய் நல்ல வெயில். வளவு காய்ந்துவிட்டது. காலமை பஸ்ரியன் தானாகவே போன் அடிச்சார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றேன். இவரோடை சண்டை பிடிக்கிறதுக்கு எல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

இவர்தான் ரிசீவரை எடுத்தார்.

"இல்லைத் தம்பி, இப்ப ஏலாது. கத்தரி பூத்திட்டுது."

பூத்திட்டுதோ? நேற்றுப் பின்னேரம் நான் பார்க்கேக்கை மொட்டுத்தானே இருந்தது. இவர் எப்ப போய்ப் பார்த்தவர்?