மூடுபனியில் மேய்ந்த புல்

என் இத்தோவுக்கு,

நானூறு ஆடுகளின் சக்கரவர்த்தியான உன் கணவன் மொஹாவின் ஸலாம். இறைவன் அருளால் நலமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? பிள்ளைகள் சாப்பிடுகிறார்களா?

இங்கே ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. விதை உதிரும்வரை நடுப் புல்வெளியில் யாரும் மேய்க்கக் கூடாது என்பது இரண்டு ஊர்க் கட்டுப்பாடு. ஓடைக்கு இந்தப் பக்கம் நான் காவல், அந்தப் பக்கம் அடுத்த ஊர்ப் பாஸு. காலையில் இருவரும் புகை போடுவோம். 'ஆடுகள் பட்டியில்தான் இருக்கின்றன' என்று அதற்கு அர்த்தம். மாலையில் என் அடுப்பில் இருவருக்கும் தேநீர்.

போன வாரம் பனி இறங்கியது. என் மூக்கு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன், அவ்வளவு பனி. நான் வழக்கம்போல் புகை போட்டேன், பாஸுவின் புகையைக் காணோம். பயல் உள்ளே இறங்கியிருப்பான், நாம் மட்டும் ஏன் ஏமாற வேண்டும் என்று ஆடுகளை ஓட்டினேன். நடுவெளியில் எதிரே பாஸுவின் ஆட்டு மணிச் சத்தம்.

"எப்படா எறங்குன?" என்றேன்.

"இப்பத்தான். ஒன் பொகையக் காணோம், நீ மேய்க்கிறன்னு நெனச்சேன்."

"நானும் அதேதான்டா நெனச்சேன். சரி, ஆட்டைத் திருப்பு."

"மொதல்ல நீ திருப்பு."

"நீ திருப்பு, நான் திருப்புறேன்."

யாரும் திருப்பவில்லை. மாலைக்குள் விதையோடு புல் தீர்ந்தது. அடுத்த ஆண்டு அங்கே முளைக்க ஒன்றுமில்லை. ஆடுகளோடு தெற்கே போகச் சொல்லிவிட்டார்கள் ஊர்ப் பெரியவர்கள். பெருநாளுக்கு வர முடியாது.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. தேயிலை பாதி போதும், இப்போது ஒருவனுக்குத்தான் காய்ச்சுகிறேன். கடிதம் கொண்டுவரும் கழுதைக்காரன் அவசரப்படுத்துகிறான்.

மொஹா