நின்றுகொண்டே வலிக்கட்டும்

மார்ச் 3, திங்கள்

இன்றிலிருந்து பிரசவ விடுப்பு. வழக்கம்போல ஐந்தரைக்கு விழித்து, போக வேண்டிய இடம் ஒன்றுமில்லை என்று நினைவு வந்ததும் சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். பிறகு ஒரே மணி நேரத்தில் நான்கு முறை கழிப்பறைக்குப் போனேன். யாரும் அட்டை கேட்கவில்லை. காருக்கு வயர் கட்டும் எங்கள் தொழிற்சாலையில் ஒரு ஷிப்டுக்கு இரண்டு முறைதான். அட்டையைத் தேய்த்தால்தான் கதவு திறக்கும். கர்ப்பிணிக்குச் சலுகை: மூன்று முறை. இன்று நான் மகாராணி.

வெள்ளிக்கிழமை என்னை வழியனுப்பும்போது பெண்கள் காப்பியோடு பிரசவக் கதைகளையும் எடுத்துவிட்டார்கள். ஏழு பேர், ஒரே கதை. மல்லாக்கப் படு, கையில் டிரிப், குடிக்கத் தண்ணீர் கிடையாது, கத்தினால் வசவு. "செய்யும்போது இனிச்சுதுல்ல?" — இதை ஏழு பேரிடமுமே ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார்கள். சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது.

முதுகில் ஊசி போட்டு வலியை மரத்துப்போகச் செய்யலாம் என்கிறார்கள். அதைப் போடும் டாக்டர் எங்கள் ஊருக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார். அதிலும் ஆள் தெரிந்தவர்களுக்குத்தான். என் குழந்தை அவருடைய கிழமையையும் பார்த்து, சிபாரிசையும் பிடித்துக்கொண்டு வர வேண்டும்.

ஆக, என்னிடம் இருப்பது என் உடம்பு மட்டும்தான். நான் படுக்கமாட்டேன். எழுதி வைக்கிறேன் — படுக்கமாட்டேன்.

மார்ச் 6, வியாழன்

சுகாதார நிலையத்தில் முதல் வகுப்பு. நடத்துபவர் செவிலி ரூஷா. கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுகிறவர். ஆறு கர்ப்பிணிகள், போலீஸ் பிடித்து உட்காரவைத்த மாதிரி ஒரு கணவர்.

விதி இதுதான்: பிரசவ அறைக்குள் துணைக்கு ஒருவர் வரலாம். ஆனால் அந்த ஆள் நான்கு வகுப்பும் முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். ஓக்னென் லாரியோடு ஸ்வீடனில் இருக்கிறான். பிரசவத்துக்கு வந்து சேர்ந்தாலும் என் புருஷனை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். அதனால் அவன் அக்காவை இழுத்துக்கொண்டு போனேன்.

ஸ்லாவிட்சா சந்தையில் இறைச்சிக் கடை வைத்திருக்கிறாள். அவள் முன்னங்கை என் தொடை அளவு. வண்டியிலேயே பேசி முடித்துவிட்டாள்.

"வகுப்புக்கு வரேன். வண்டி ஓட்டறேன். அந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குள்ள மட்டும் காலு வைக்க மாட்டேன். ஆறு வருஷம் முன்னாடி பண்ணின சத்தியம்."

"அப்ப சான்றிதழ் எதுக்குக்கா?"

"கடையில மாட்டி வைக்கறேன். அது கெடக்கட்டும், நீ மூச்ச விடு."

மார்ச் 13, வியாழன்

சிரித்துச் சிரித்து வயிறு இறுகிவிட்டது, வலி வந்துவிட்டதோ என்று பயந்தேன்.

இன்று சத்தம் போடும் பாடம். மேலே கீச்சென்று கத்தினால் தொண்டை இறுகும், தாடை இறுகும், கீழேயும் இறுகும் என்கிறார் ரூஷா. வாயைத் தளர விட்டு, அடிவயிற்றிலிருந்து ஊஊஊ என்று நீளமாக விட வேண்டும். எட்டுப் பேரும் ஊஊ என்றோம். அடுத்த அறையில் தடுப்பூசிக்கு வந்த குழந்தைகள் அழ ஆரம்பித்தன.

பிறகு இடுப்பு அழுத்தம். வலி வரும்போது துணை ஆள் உள்ளங்கையின் அடிப்பகுதியை முதுகின் கடைக்கோடி எலும்பில் வைத்து முழு பலத்தோடு அழுத்த வேண்டும். அந்தக் கணவர் என்னமோ தூசி தட்டுகிற மாதிரி தொட்டார். ஸ்லாவிட்சா அழுத்தியதும் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"ஐயையோ, மெதுவா," என்றார் ரூஷா. உடனே, "இல்ல இல்ல, இதேதான். இதத்தான் சொன்னேன். நீங்க என்ன வேல பண்றீங்க?"

"பன்னி வெட்டறேன்."

கணவர் கையை எடுத்துவிட்டார்.

மார்ச் 20, வியாழன்

வகுப்பு முடிந்ததும் மருத்துவமனையைச் சுற்றிக் காட்டினார்கள். ஸ்லாவிட்சா வரவில்லை, வாசலுக்கு எதிரே வண்டியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

கோர்தானா என்ற மருத்துவச்சி காட்டினாள். கட்டில், விளக்கு, கட்டில். வெந்நீரில் நின்றால் இடுப்பு வலி பாதியாகக் குறையும் என்று வகுப்பில் சொன்னார்களே, குளியலறை எங்கே? இருக்கிறது. உள்ளே கூரை வரைக்கும் பழைய கோப்புப் பெட்டிகள். உட்கார்ந்து ஆடும் பெரிய பந்து? அதுவும் இருக்கிறது, ஐயா. பூட்டிய கண்ணாடிக் கதவுக்குள், நீல நிறத்தில், ரிப்பனோடு. போன வருஷம் அதைக் கொடுத்த விழாவில் நகரசபைத் தலைவர் கோட்டும் சூட்டுமாக அதன்மேல் உட்கார்ந்து ஆடியதைத் தொலைக்காட்சியில் நானே பார்த்தேன். இதுவரை அதில் உட்கார்ந்த ஒரே ஆள் அவர்தான்.

"ஏன் வெளிய எடுக்கல?"

"கணக்குல ஏத்தின பொருளு. கெட்டுப் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

பந்து கெட்டுப் போகக் கூடாது. அதுதான் அவர்கள் கவலை.

மார்ச் 21, வெள்ளி

நேற்று திரும்பும்போது ஸ்லாவிட்சா தன் பிரசவத்தைப் பற்றிச் சொன்னாள். சிக்னலில் நின்றபோது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே. பதினான்கு மணி நேரம் மல்லாக்கப் படுத்திருந்தாள். ஒருக்களிக்கக் கேட்டதற்கு, காலைப் பட்டையால் கட்டினார்கள். கடைசியில் டாக்டர் முழங்கையை அவள் வயிற்றில் ஊன்றித் தள்ளினார்.

"நான் பன்னியக் கூட அப்படிப் பிடிக்க மாட்டேன்டீ," என்றாள். பச்சை விழுந்தது. வண்டியை எடுத்தாள்.

நீ உள்ளே வா என்று இனி கேட்கமாட்டேன். ஆனால் தனியாக எப்படி? என் கடைசி எலும்பை நானே எப்படி அழுத்துவது?

மார்ச் 27, வியாழன்

சான்றிதழ் கொடுத்தார்கள். முத்திரை குத்தி, 'துணைவர்: ஸ்லாவிட்சா' என்று போட்டு. அவள் அதை மடித்துக் கைப்பையின் அடியில் செருகினாள்.

ஓக்னென் போனில் பாடத்தையெல்லாம் கேட்டான். லாரிக்குள் உட்கார்ந்து ஊஊ என்று பழகினானாம். பக்கத்து லாரிக்காரன் இறங்கி வந்து கதவைத் தட்டி, உடம்பு சரியில்லையா என்று கேட்டானாம். முதலாளி லீவு தரவில்லை. பிரசவத்துக்குக் குறித்த எட்டாம் தேதிக்குள் வரப் பார்க்கிறானாம். பார்க்கட்டும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

வலி என்று சொன்னேன். தேதியைப் பார்த்துவிட்டு யாரும் நம்பவில்லை. நல்லவேளை, அது பொய் வலி.

ஏப்ரல் 4, வெள்ளி

ஒன்றுமில்லை. கதவு வழியாகப் பக்கவாட்டில்தான் போகிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலை 6.20. இது பொய் இல்லை.

7.05. எட்டு நிமிடத்துக்கு ஒன்று. ஸ்லாவிட்சாவுக்குப் போன் பண்ணினேன். ஞாயிறு, கடை லீவு. ஏதோ ஞானஸ்நான விருந்துக்குப் போகவிருந்தவள், புது வெள்ளைச் சட்டையோடு நேராக இங்கே வந்துவிட்டாள்.

8.30. வெந்நீரில் நிற்கிறேன், பிறகு வந்து எழுதுகிறேன், பிறகு நிற்கிறேன். வெந்நீரைக் கண்டுபிடித்தவன் எவனோ, அவனை முத்தமிட வேண்டும்.

9.15. முற்றத்து வேலியைப் பிடித்து ஆடுகிறேன். ஊஊஊ. பக்கத்து வீட்டு மாடு பதில் சொல்கிறது. ஸ்லாவிட்சா: "அதுக்கும் சான்றிதழ் வாங்கிக் குடுத்துடலாம்." சிரிப்பும் வலியும் சேர்ந்து வருகிறது, எது எதென்றே தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேலி மேலாக பிளம் சாராயம் நீட்டினார். ஸ்லாவிட்சா வாங்கி அவளே குடித்தா— இல்லை, வண்டி ஓட்டணும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

10.10. நாலு நிமிஷம். கிளம்பறோம்

ஏப்ரல் 7, திங்கள்

எழுதுகிறேன். உட்கார முடியவில்லை, ஒருக்களித்துக்கொண்டு எழுதுகிறேன். நேற்றிலிருந்து சிரிப்பு நிற்கவே இல்லை.

மருத்துவமனை வாசலில் ஸ்லாவிட்சா ஸ்டியரிங்கை விடவில்லை. "நீ போ. வண்டிய ஓரமா நிறுத்திட்டு வரேன்," என்றாள். வண்டி ஓரமாகத்தான் நின்றுகொண்டிருந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

உள்ளே டாக்டர் ஒரு பார்வை பார்த்தார். "படும்மா." நிற்கிறேன் என்றேன். "படும்மா, மானிட்டர் போடணும்." எனக்கு ஒரு மாதமாக வாயில் தயாராக இருந்த பேச்செல்லாம் எங்கே போனதோ? படுத்தேன். ஆமாம், படுத்தேன். மல்லாக்கப் படுத்ததும் அதே வலி வேறு மிருகமாகிவிட்டது. இடுப்பை ஆட்ட இடமில்லை, பிடிக்க வேலி இல்லை. ஊஊ போய்க் கீச்சுக் குரல் வந்துவிட்டது. "கத்தாத, சக்திய வீணாக்காத," என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். அம்மா என்று அழுதேன். வேண்டாம், போதும், ஊசி போட்டு எதையாவது பண்ணித் தொலைங்க என்று கெஞ்சினேன். இதையும் எழுதி வைக்கணும்.

எத்தனை நேரம், தெரியாது. கதவு திறந்தது. வெள்ளைச் சட்டை. முகம் அதைவிட வெள்ளை. சான்றிதழை இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடித்திருந்தாள். நாய் விரட்ட வந்தால் அப்படித்தான் எதையாவது நீட்டுவோம்.

"துணைவர்," என்றாள் கோர்தானாவிடம். குரலே வரவில்லை. "நான் இவளோட துணைவர்."

அப்புறம் என் கட்டிலைப் பார்த்தாள். பட்டை தொங்கும் கம்பிகளைப் பார்த்தாள். குரல் வந்தது.

"இவள எழுப்பி விடுங்க. அந்தப் பந்தும் வேணும்."

"அது கணக்குல—"

"கெட்டா நான் வாங்கித் தரேன். எங்க கையெழுத்துப் போடணும்?"

கோர்தானா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "ஆறு வருஷம் முன்னாடி நீங்கதான?" என்றாள். ஸ்லாவிட்சா தலையை ஆட்டினாள். கோர்தானா சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். "டாக்டர் கீழ சிசேரியனுக்குப் போயிருக்கார். ஒரு மணி நேரம் ஆகும். குழந்தையோட நாடித் துடிப்பு நீ நின்னாலும் மானிட்டர்ல கேக்கும், படுத்தாலும் கேக்கும். சீக்கிரம் எறங்கு."

நகரசபைத் தலைவரின் பந்தில் உட்கார்ந்தேன். ரிப்பன் என் கால்விரலில் சுற்றிக்கொண்டது. கட்டில் விளிம்பில் தலை சாய்த்து ஆடினேன். பின்னால் ஸ்லாவிட்சா எலும்பில் கையை ஊன்றி அழுத்தினாள். ஒவ்வொரு வலிக்கும் என் காதுக்குள் தடித்த குரலில் ஊஊ என்றாள். நானும் ஊஊ. மூன்றாவது தடவை கோர்தானாவும் சேர்ந்துகொண்டாள், எங்களுக்கே தெரியாமல். வலி குறைந்ததா? இல்லை. யாராவது குறைந்தது என்று சொன்னால் பொய். ஆனால் ஆட முடிந்தது, தண்ணீர் குடிக்க முடிந்தது, இரண்டு வலிக்கு நடுவில் மாட்டுக் கதையைச் சொல்லிச் சிரிக்க முடிந்தது. ஆண்டவா, அங்கே உட்கார்ந்து சிரித்தேன்!

டாக்டர் திரும்பி வந்தபோது நான் கட்டில்மேல் முட்டி போட்டு, தலைமாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "இது என்ன கோலம்?" என்றார்.

"தல வந்துடுச்சு டாக்டர்," என்றாள் கோர்தானா.

ஸ்லாவிட்சா அவருக்கும் எனக்கும் நடுவில் நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். அந்தக் கையை அவரும் பார்த்திருப்பார்.

1.50. பெண். மூன்று கிலோ நானூறு. கலினா. கத்தினாள் பாருங்கள், கீச்சென்று. அவளுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

மாலையில் ஜன்னலுக்குக் கீழே கூச்சல். உள்ளே பார்வையாளர்களை விடமாட்டார்கள், அதனால் கீழே நின்று கத்துவதுதான் இங்கே வழக்கம். எட்டிப் பார்த்தேன். எங்கள் ஷிப்டுப் பெண்கள் ஒன்பது பேர், கூடவே ஓக்னெனின் நண்பன் ஊதுகொம்போடு. குழந்தை பிறந்தால் சந்தோஷத்தில் அப்பனின் சட்டையைக் கிழிப்பது எங்கள் ஊர்ச் சம்பிரதாயம். அப்பன் டென்மார்க்கில் கப்பலுக்குக் காத்திருக்கிறான். யாருடைய சட்டையைக் கிழிப்பது என்று சண்டை. அந்த நேரம் பார்த்து ஸ்லாவிட்சா வாசல் வழியாக வெளியே வந்தாள்.

"ஏய், கிட்ட வராதீங்கடீ. புதுச் சட்டை. இன்னும் ஒரு விருந்துக்குக் கூட—"

சர்ர்ர். கை தனியாக, காலர் தனியாக. ஒன்பது பேரும் விழுந்து பிய்த்தார்கள். ஊதுகொம்பு அலறியது. உள்பனியனோடு நின்றபடி என் நாத்தனார் நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். முகத்தைத் துடைக்கக் கிழிந்த சட்டைக்கையைப் பயன்படுத்தினாள்.

ஏப்ரல் 10, வியாழன்

வீடு. ஓக்னென் வந்தான். குழந்தையைப் பார்த்து அழுதான், அக்காவைப் பார்த்துப் பொறாமைப்பட்டான். "என் சட்டைய கிழிச்சிருக்கணும்" — மூன்று முறை சொல்லிவிட்டான்.

ஏப்ரல் 23, புதன்

தூக்கம் இல்லை. பால், பால், பால். பந்து மறுபடி பூட்டுக்குள் போய்விட்டதாம். கோர்தானாவிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். பந்தை வெளியே விடச் சொல்லி நகரசபைக்கு நானும் ஒரு கடிதம் எழுதினேன். தொழிற்சாலைப் பெண்கள் நாற்பத்தோரு பேர் கையெழுத்து. அட்டை தேய்த்து, கழிப்பறையில் வைத்துப் போட்டார்கள்.

மே 18, ஞாயிறு

ஸ்லாவிட்சா தொத்திறைச்சியோடு வந்தாள். கலினாவை மடியில் போட்டுக்கொண்டு பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள். அது அவள் வழக்கமே இல்லை.

"ரூஷாவோட அடுத்த வகுப்பு எப்பன்னு தெரியுமா?"

"வியாழக்கிழமை. ஏன்க்கா, யாருக்கு?"

"வருஷக் கடைசியில உனக்கு ஏதாச்சும் வேல இருக்கா?"

அவளைப் பார்த்தேன். அவள் குழந்தையின் சாக்ஸைச் சரிசெய்தாள், அது சரியாகத்தான் இருந்தது.

"இப்பவே எதுக்குக்கா? எட்டாவது மாசம் வந்து சேர்ந்தாப் போதுமே."

"நீ மறந்துருப்ப. மறுபடியும் முதல்லேந்து படி. உன் கைக்கு பலம் வேற பத்தாது."

ரூஷாவுக்குப் போன் பண்ணினேன். வியாழன், ஐந்து மணி. துணைவர் என்ற இடத்தில் என் பெயரைக் கொடுத்தேன்.