ஆட்சேபணை உண்டு

அம்சவேணி,

நீ தண்ணீருக்குப் போன நேரம் பார்த்துக் கிளம்புகிறேன். இருந்தால் விடமாட்டாய். எல்லை விசாரணைக்குப் புத்தூர் போகிறேன். சாவி வழக்கம்போல் கூரை இடுக்கில். களி மூடி வைத்திருக்கிறது. கர்ணம் ஆந்திரா பக்கம் நிற்பவர்; ஆள் அனுப்பினால் சந்தைக்குப் போனதாகச் சொல்.

அங்கே பேசத்தான் பயமாக இருக்கிறது. போலீசுக்குக்கூட இவ்வளவு பயமில்லை. அதிகாரி முன்னால் நின்றால் எனக்குத் தெலுங்குதான் வாயில் வரும். ஆபீசிலும் சந்தையிலும் அப்படியே பேசிப் பழகிவிட்டது. நம் ஊரைத் தமிழர் பக்கம் சேர்க்கச் சொல்லித் தெலுங்கில் கேட்டால், ஊரே என்னால் போகும்.

கட்சிக்காரர் சொல்லிக்கொடுத்ததை உருப்போடுகிறேன்: "எங்கள் ஊர் ஆந்திராவில் இருப்பதில் எனக்கு ஆட்சேபணை உண்டு." அந்தப் பெரிய வார்த்தை வந்ததும் நாக்கு நின்றுவிடுகிறது.

சிட்டிபாபு

பி.கு.: நேற்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நீ போறதுல எனக்கு ஆட்சேபணை கீது" என்றாய். நான்தான் கத்திவிட்டேன். நீ கொஞ்சமும் தடுமாறவில்லை.

விசாரணை நாளைக்கும் உண்டாம். நான் உளறிவிட்டு வந்தால், நாளை நீ போய்ச் சொல். எனக்கு ஆட்சேபணை இல்லை.