கிரேக்க எழுத்தில் மாட்டிய பாஸ்வேர்டு

அம்மாவுக்கு அன்பு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாரா? நான் சௌக்கியம்.

நேற்று ஒரு கூத்து. எங்கள் பேராசிரியருக்காக, டெர்மினல் என்னும் கறுப்புத் திரையில் கிரேக்க எழுத்து அடிக்க வழிசெய்தேன். அழகாக வந்தது. விசைப்பலகையைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றத்தான் மறந்துவிட்டேன். அங்கே பாஸ்வேர்டு அடித்தால் திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. விரல் சரியாகத்தான் அடித்தது. உள்ளே போனதெல்லாம் கிரேக்கம். நாலைந்து முறை தவறியதும் கணினி என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது.

எங்கள் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து மேசை அக்காதான் திறந்துவிட்டார். "அப்படி என்னடி பாஸ்வேர்டு வச்சிருக்கே?" என்றார். சிரித்து மழுப்பிவிட்டேன்.

நீ என்னைக் கூப்பிடும் செல்லப்பெயர்தான், அம்மா. இங்கே அது என் விரலுக்கு மட்டும்தான் தெரியும்.

பஸ் வந்துவிட்டது. என் பழைய போர்வையை அனுப்பு. அந்தப் பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டு, ஃபோனில் பதிவுசெய்தும் அனுப்பு. பாஸ்வேர்டு மறந்துபோனால் உதவும்.

உன் மகள்