ஷெறோன் கேட்ட சாட்சியம்

லூயிஷாம்
ஞாயிறு காலை

அன்புள்ள ஆரணன்,

இங்கே நாங்கள் நான்கு பேரும் சுகம். நான்கு என்று எழுதும்போது இன்னும் பேனை ஒரு கணம் நிற்கத்தான் செய்கிறது. பேர்த் நகரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, சுரங்க வெயிலுக்குள் தொப்பியோடு, சுகமாக இருக்கவேண்டும். தாரகாவுக்கு நேற்றோடு ஐந்து மாதம். குப்புறப் புரள்கிறாள். திரும்பிவர ஏலாமல் போனால் எங்களில் கோபிக்கிறாள். அம்மா பராமரிப்பு இல்லத்தில் காலை ஷிப்டுக்கு மாறிவிட்டா. ஷெறோனுக்கு இப்போது மருந்துக் குளிசை இல்லாமலே பிரஷர் சரி, வலக்கண்ணில் இருந்த மங்கலும் போய்விட்டது. தமிழில் அவ நன்றாகப் பிடித்துக்கொண்ட சொல் 'ஏலாது'. நான் வைக்கும் சொதியைப் பற்றி அதைத்தான் சொல்கிறா.

இனி எழுதப்போவதைப் போனில் சொல்ல எனக்கு வராது. அதனால் கடிதம்.

கறுப்பினப் பெண்களும் சிறுமிகளும் பள்ளிக்கூடத்தில், வேலையில், ஆஸ்பத்திரியில் படுகிற பாட்டுக்கு ஒரு சட்டம் கொண்டுவரப்போகினமாம். அதற்கு முன்னம் பாராளுமன்றக் குழு ஒன்று ஆக்களிடம் எழுத்தில் சாட்சியம் கேட்கிறது. ஷெறோன் மூன்று கிழமையாகச் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதினா. பிறகு ஒரு நாள் என் முன்னால் ஒரு வெறுந்தாளை வைத்து, நீங்கள்தான் அன்றைக்கு அங்கே இருந்தீர்கள் மாமா, கண்டதை எழுதித் தாருங்கள் என்றா. நான் முதலில் குழுவின் கேள்விகளை முழுக்க வாசித்தேன். இந்த நாட்டில் பிள்ளைப்பேற்றோடு இறக்கிற கறுப்பினத் தாய்மாரின் வீதம் வெள்ளையினத் தாய்மாருடையதைவிட இரண்டு மடங்குக்கு மேல். முப்பத்தொரு வருசம் இங்கே இருக்கிறேன், கறுப்பின மருமகள் வீட்டுக்கு வந்த பிறகும் அது எனக்குத் தெரியாது. எனக்கு விளங்காததையெல்லாம் ஷெறோனிடம் கேட்டேன். ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கும் அறைக்குள் ஒரு சட்டம் எப்படி வரும்? எந்தக் கதிரையில் இருக்கும்? அவ சிரித்தா. சட்டம் வந்து இருக்காது, ஆனால் ஆஸ்பத்திரிக்காரர் எண்ணிக் கணக்கு வைக்கவேண்டி வரும் என்றா. யார் காத்திருந்தது, எவ்வளவு நேரம், ஏன். எண்ணாதவரைக்கும் ஒவ்வொன்றும் ஒருத்தியின் துரதிர்ஷ்டம் என்றுதான் பெயர். நல்ல பதில். ஆனாலும் நான் எழுதவில்லை. கண்ணாடி சரியில்லை என்றேன், பேனை சரியில்லை என்றேன். கோயில் சபைக்குச் செருப்பு வைக்கும் இடம் பற்றி ஒரே இருப்பில் ஐந்து பக்கம் எழுதிய ஆள்தானே நீங்கள் என்றா.

தாரகா இன்னும் ஷெறோனின் வயிற்றில் இருந்த அன்றைக்கு நடந்ததாக உனக்குச் சொன்ன கதையில் ஒரு துண்டு இல்லை. இரண்டு நாள் தலையிடி, சுவரில் சின்னச் சின்ன வெளிச்சங்கள், ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தபோது பரசிற்றமோல் போட்டுப் படுக்கச் சொன்னார்கள், மத்தியானம் நான் காரில் கூட்டிப்போனேன். இதெல்லாம் உனக்குத் தெரியும். நேர்ஸ் வந்து பிரஷர் எடுத்தா, கொஞ்சம் கூடுதல் என்றா. ஷெறோன் தலையிடியையும் வெளிச்சத்தையும் தன் வாயாலே சொன்னா. கெட்ட பிள்ளை இல்லை அந்த நேர்ஸ், எனக்குத் தண்ணீர்கூடக் கொண்டுவந்து தந்தா. தந்துவிட்டு என் பக்கம் திரும்பி, வீட்டில் எப்படி இருக்கிறா என்று கேட்டா. எனக்குத் தெரியும் ஆரணன். விலாவுக்குக் கீழே நோ, விடிய வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்தது, மோதிரம் கழற்ற ஏலாதபடி விரல் வீங்கினது. மருமகளின் உடம்பைப் பற்றி ஒரு அந்நியப் பெண்ணிடம் சொல்ல நாக்கு எழும்பவில்லை. அது ஒன்று. மற்றது இது. நீ ஷெறோனைக் கட்டப்போகிறாய் என்று கேள்விப்பட்டபோது யோகராஜா அண்ணை கோயில் வாசலில் வைத்து, ஏன் கிருஷ்ணராசா, எங்கட பிள்ளையள் ஒண்டும் கிடைக்கேல்லையோ என்று கேட்டவர். கூடவே ஒரு சொல்லும் சொன்னவர், அதை எழுதமாட்டேன். அன்றிலிருந்து யார் ஷெறோனைப் பற்றிக் கேட்டாலும் நான் நற்சான்றிதழ் நீட்டுகிறேன். நல்ல பிள்ளை, உழைப்பாளி, எதையும் தாங்குவா. நேர்ஸுக்கும் அதையே நீட்டினேன். மிகவும் திடமானவ, ஒருநாளும் முறையிடமாட்டா, நேற்றும் வேலைக்குப் போனவ. முறையிடாத பிள்ளை இன்றைக்கு முறையிடுகிறா, கெதியாகப் பாருங்கள் என்றுதான் நினைத்துச் சொன்னேன். நினைத்தது வாயில் வரவில்லை. நேர்ஸ் சிரித்து, எழுதிக்கொண்டு போனா. மூன்று மணித்தியாலம் காத்திருந்தோம். பிறகு ஷெறோன் வலிப்பு வந்து கதிரையிலிருந்து சரிந்தா.

ஷெறோன் தன்னுடைய பதிவுகளின் பிரதியை ஆஸ்பத்திரியிடம் கேட்டு எடுத்திருந்தா. அவ தாரகாவோடு கிளினிக் போயிருந்த நேரம் எடுத்துப் பார்த்தேன். செய்திருக்கக்கூடாது, செய்தேன். பதினோராம் பக்கத்தில் பிரஷர் அளவு. அதற்குக் கீழே, மாமனார் சொல்கிறார், திடமானவர், முறையிடுவதில்லை, நேற்றும் வேலைக்குச் சென்றுள்ளார். என் வாக்கியம், அச்சில். எனக்கு வந்த முதல் யோசனை வெட்கமானது. இதை நான் எழுதினால், குடும்பமே அப்படித்தானே சொன்னது என்று ஆஸ்பத்திரி சொல்லும். ஷெறோனின் சாட்சியத்தை நானே உடைத்தவன் ஆவேன். எழுதாவிட்டால் என் சாட்சியம் பொய். இரண்டாவது யோசனை, அவ இதை வாசித்தவவா இல்லையா. வாசித்துவிட்டுத்தான் வெறுந்தாளை என் முன்னால் வைத்தவவா.

வியாழக்கிழமை சொன்னேன். தாரகாவுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தா. எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். அவ நிமிரவில்லை. நான் நேர்ஸிடம் சொன்னது அப்போதே காதில் விழுந்ததாம். பக்கத்துக் கதிரைதானே. வாசித்தும் விட்டாவாம். கடைசிப் பொத்தானையும் பூட்டிவிட்டுத்தான் என்னைப் பார்த்தா.

"மாமா, நேர்ஸ் ஏன் உங்களைக் கேட்டா? நான் அங்கதானே இருந்தனான்."

நான் பதினோராம் பக்கத்தைத் திரும்ப எடுத்தேன். தலையிடி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. சுவரில் கண்ட வெளிச்சம் இல்லை. ஷெறோன் தன் வாயால் சொன்ன ஒன்றும் அந்தத் தாளில் இல்லை, நான் சொன்னது மட்டும் இருக்கிறது. ஐந்து மாதமாக என்ன பதில் சொன்னேன் என்றே யோசித்திருக்கிறேன். கேள்வி ஏன் என்னிடம் வந்தது என்று ஒருதரம்கூட யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதுங்கள் என்றா ஷெறோன். அதை வைத்து ஆஸ்பத்திரி தனக்கு எதிராகக் கதைத்தால் கதைக்கட்டுமாம். உங்களை அழகாக எழுதச் சொல்லிக் கேட்கவில்லை என்றா. இன்னும் கோபம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றா. பிறகு தேத்தண்ணி போடட்டுமா என்று கேட்டா.

இரண்டு பக்கம் எழுதினேன். என் வாக்கியம் அதில் இருக்கிறது, பதிவில் இல்லாத அவவின் வார்த்தைகளும் இருக்கின்றன. என் இங்கிலிஷை அவ திருத்தவில்லை. வெள்ளிக்கிழமை அனுப்பியாயிற்று. சட்டம் எப்போது வரும், வந்தால் எவ்வளவு தூரம் வரும், எனக்குத் தெரியாது. தாரகா பள்ளிக்கூடம் போகும் காலமும் ஆகலாம். அந்தக் கதிரைகளில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று யோசிக்கிறேன்.

உனக்குச் சிவன் துணை. உன் கையும் காலும் பத்திரமாக வீடு வரவேண்டும், அம்மாவும் அதையே வேண்டுகிறா. ஒன்றை மறக்காதே. நீ போன் எடுத்தால் முதலில் என்னிடம்தான் கேட்கிறாய், ஷெறோன் எப்படி இருக்கிறா அப்பா என்று. நானும் நல்லா இருக்கிறா என்று சொல்லிவிடுகிறேன். அந்த நேரம் அவ அநேகமாக இதே அறையில்தான் இருப்பா. இனி அதற்கு நான் பதில் சொல்லமாட்டேன், போனை அவவிடம் கொடுப்பேன்.

என்றும் உன் நலம் வேண்டும்
அப்பா
சி. கிருஷ்ணராசா