தாமோதரன் அண்ணனின் நீலச் சட்டை

14.7.2003, திங்கள், இருங்காட்டுக்கோட்டை

இடது கையில் தையல் போட்டிருக்கிறது. நல்லவேளை, எழுதுகிற கை தப்பியது.

காலையில் தகடு கிழித்து ரத்தம் கொட்டியபோது கம்பெனி வண்டி வாசலிலேயே நின்றது. "காண்ட்ராக்ட் ஆளுங்கள ஏத்துனா என் வேல போய்டும்பா" என்றார் டிரைவர். என் முகத்தை அவர் பார்க்கவில்லை, காண்ட்ராக்ட் ஆட்களுக்குத் தரும் சாம்பல் நிறச் சட்டையைத்தான் பார்த்தார். எனக்கு ஈ.எஸ்.ஐ. அட்டையும் கிடையாது. காண்ட்ராக்டர் போனில், "வூட்ல வழுக்கி வுழுந்தேன்னு சொல்லி எங்கனா காட்டிக்கோ" என்று வைத்துவிட்டார்.

பக்கத்து மெஷினில் நிற்கும் தாமோதரன் அண்ணன் நிரந்தரத் தொழிலாளி. தன் நீலச் சட்டையைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டு, என்னுடையதைப் போட்டுக்கொண்டார். "இப்ப இன்னான்ற? நீலச் சட்டதான, ஏத்து" என்றார். டிரைவர் சற்று நேரம் ரோட்டைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்துவிட்டார். அவருக்கும் புண்ணியம்.

ஆஸ்பத்திரியில், "கம்பெனி ஆளா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அதே லைனில்தானே நானும் நிற்கிறேன்? நாளை யாராவது விசாரித்தால்... போகட்டும்.

ஷிப்ட் முடிந்து வந்த ரூம்காரன் முருகேசன் சொன்னான். சாம்பல் சட்டையோடு வந்ததால் அண்ணனைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றவில்லையாம். ரத்தக் கறையோடு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே மணிமங்கலம் போனாராம். "தம்பிக்குக் கை எப்படி கீது?" என்று மட்டும் கேட்டாராம்.

ஒற்றைக் கையால் அவர் சட்டையைத் துவைத்து ஃபேனுக்கு நேராகக் கட்டியிருக்கிறேன். காலை ஷிப்டுக்கு அண்ணன் போட்டுக்கொள்ள, விடிவதற்குள் காய வேண்டும். இன்றைக்கு மட்டும் கரண்ட் போகக் கூடாது.