எதிர்க்கடைக்கும் சேர்த்து ஒரு பாலம்

என் வீட்டு மகாராணிக்கு,

கடைக்கும் தெருவுக்கு அந்தப் பக்கமுள்ள கிடங்குக்கும் கம்பியில்லா இணைப்பு நேற்று வேலை செய்யத் தொடங்கிவிட்டது. நான் நலம். ஊரில் உன் முட்டிவலி தேவலையா?

எனக்குக் கொதிப்புத்தான் அடங்கவில்லை. இதுவரை கிடங்கில் ஒரு கணினிதான் கடையோடு பேசும். சரக்குக் கணக்கு உள்ள மற்ற மூன்று கணினிகளையும் பாலம்போலத் தன் வழியாகப் பேசவிடும் வசதி நம் இலவச இயங்குதளத்தில் இல்லை. சரக்கு இருக்கிறதா என்று பார்க்க ஆள் தெருவைக் கடந்து ஓடுவதற்குள் வந்தவர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். மாடியில் தனியாகக் குடியிருக்கும் மென்பொருள்காரரிடம் சொன்னேன். மூன்று வாரம் உட்கார்ந்து அந்த வசதியை எழுதினார். எழுதியதை உலகத்துக்கே பொதுவில் போட்டுவிட்டார்.

"எதிர்க்கடைக்காரனுக்குமா?" என்றேன்.

"அவருக்கும்தாண்ணே. ஆறு வருஷமா இந்த இயங்குதளத்த ஓசியில ஓட்டுறீங்களே, யாரு எழுதினதுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

கேட்டதில்லைதான். ஆனாலும் கோளாறைக் கண்டவன் நான், சோதனைக்குக் கிடங்கைத் திறந்துவிட்டவன் நான், சுகம் அவனுக்கா? வயிறு எரிகிறது.

இரண்டு பேருக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று உடனே எழுது. எனக்கு ஒருவருக்குத்தான் அளவு தெரியும். மாடிக்காரர் பணம் வேண்டாம் என்றுவிட்டார். பேசி முடித்த கூலி, ஒரு வருஷத்துக்கு ஞாயிறுதோறும் என் கையால் ஒரு வேளைச் சாப்பாடு.